சாதிக்கு எந்த டென்ஸ்?

“ஐ ஹாவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2011.”

2012-இல் சென்னையில் ஒரு நேர்முகத் தேர்வில் நான் சொன்ன முதல் வாக்கியம் இது. பத்து நாட்கள் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்த வாக்கியம். திருநெல்வேலியிலிருந்து இரவு முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்து வந்தபோதும் வாய்க்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஒருவர் மற்றவரைப் பார்த்துச் சிரித்தார். நடுவில் இருந்தவர், முதலில் டென்ஸ் கற்றுக்கொண்டு வாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு தமிழுக்கு மாறி, “திருநெல்வேலின்னா டவுனா, பக்கத்துல கிராமமா?” என்றார். ஊர்ப் பெயரைச் சொன்னேன். “ஊர்ல எந்தத் தெரு?” என்றார்.

அந்தக் கேள்வியில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை.

வேலை கிடைக்கவில்லை. என் ஆங்கிலத்தால் கிடைக்கவில்லையா, தெருவால் கிடைக்கவில்லையா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்று ஊர் திரும்பும் பேருந்தில் எனக்கு இருந்த கோபம் முழுவதும் என்மீதுதான். இவ்வளவு படித்தும் ஒரு வாக்கியம் சரியாகச் சொல்லத் தெரியவில்லையே என்று. அந்தக் கோபம் தப்பான முகவரிக்குப் போனது என்பதைப் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த வாக்கியத்தில் என்ன பிழை என்று பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் ஆண்டையோ தேதியையோ சொல்லிவிட்டால் பிரசென்ட் பெர்ஃபெக்ட் வராது. ‘ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2011’ என்பது சரி. ஆண்டைச் சொல்லாமல் ‘ஐ ஹாவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி’ என்று நிறுத்தினால் அதுவும் சரி. இரண்டையும் சேர்த்தால்தான் தப்பு.

நான் ஏன் சேர்த்தேன்? தமிழில் சேர்க்கலாம் என்பதால். “2011-ல டிகிரி முடிச்சிருக்கேன்” என்று சொன்னால் எந்தத் தமிழ் ஆசிரியரும் சிவப்பு மையால் கோடு போட மாட்டார். நம் ‘இருக்கிறேன்’ ஆண்டோடும் வரும், ஆண்டு இல்லாமலும் வரும். என் மொழியில் சரியாக யோசித்துத்தான் ஆங்கிலத்தில் தப்பாகச் சொன்னேன். இதை எனக்கு யாரும் பள்ளியில் சொல்லித் தரவில்லை. எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டதெல்லாம் பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை. கோ, வென்ட், கான். ஈட், ஏட், ஈட்டன். ‘ராமா கில்ட் ராவணா, ராவணா வாஸ் கில்ட் பை ராமா.’ எந்த டென்ஸில் சொன்னாலும் எந்த வாய்ஸில் சொன்னாலும் செத்தது ராவணன்தான். அந்த அட்டவணையை மனப்பாடம் செய்து பொதுத் தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கினோம். வாழ்க்கையில் ஒரு வாக்கியத்துக்குக்கூட அது உதவவில்லை.

இப்போது சேரன்மகாதேவிக்கும் முக்கூடலுக்கும் இடையில் தாமிரபரணிக் கரையோரம் இருக்கும் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில், வேலை முடிந்து வந்ததும் வாரம் மூன்று நாள் மாலையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். பதினோராம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை படிக்கும் பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறார். என் அம்மாவும் சுற்றியவர்தான்.

வகுப்பில் ஒரு நாள் அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, “உங்க வீட்ல தினமும் கேக்குற அஞ்சு வாக்கியத்த எழுதிட்டு வாங்க, அத இங்கிலீஷ்ல மாத்துவோம்” என்றேன். ஒரு பெண் தன் அம்மா சொன்னதாக எழுதி வந்தாள்: “நாப்பது வருசமா பீடி சுத்துதேன், முதுகு போச்சு.” அதை அவளே ஆங்கிலத்தில் இப்படி எழுதியிருந்தாள்: ‘ஐ ஆம் ரோலிங் பீடி சின்ஸ் ஃபார்ட்டி இயர்ஸ்.’

பரீட்சைத் தாளில் இது சுழியம். ஆனால் அவள் அம்மாவின் தமிழைப் பாருங்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இன்னும் முடியாத ஒரு வேலையைத் தமிழ் நிகழ்காலத்தில் சொல்லிவிடும். ‘நாப்பது வருசமா’ என்பது கால நீளத்தைச் சொல்லும், ‘சுத்துதேன்’ என்பது இன்னும் நடக்கிறது என்று சொல்லும். ஆங்கிலம் அதே பொருளுக்கு ‘ஐ ஹாவ் பீன் ரோலிங் பீடிஸ் ஃபார் ஃபார்ட்டி இயர்ஸ்’ என்று கேட்கிறது. தொடங்கியதையும் ஓயாததையும் ஒரே வினையில் கட்டுகிறது. கால நீளம் என்றால் ‘ஃபார்’, தொடங்கிய புள்ளி என்றால் ‘சின்ஸ்’. நம்மிடம் ‘வருசமா’ என்றும் ‘1985-லேர்ந்து’ என்றும் இருக்கும் வேறுபாடுதான் அது. இப்படிச் சொன்னதும் வகுப்பில் ஒருவர்கூட அதை மறக்கவில்லை. ஏனென்றால் அந்த வாக்கியம் ராமன் தின்ற மாம்பழத்தைப் பற்றியது அல்ல. அவர்களுடைய அம்மாவின் முதுகைப் பற்றியது.

இன்னொரு பையன் ‘டெய்லி ஐ வில் கெட் அப் அட் ஃபைவ்’ என்று எழுதியிருந்தான். தினமும் செய்வதற்கு ஆங்கிலத்தில் சிம்பிள் பிரசென்ட்: ‘ஐ கெட் அப்’. அவன் ஏன் ‘வில்’ போட்டான்? “தினமும் அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன்” என்று நாம் எதிர்காலத்தில் சொல்வதால். தமிழில் வழக்கமும் பொது உண்மையும் எதிர்கால வடிவில் வரும். நெருப்பு சுடும், ஆறு ஓடும், சூரியன் கிழக்கே உதிக்கும். ‘படிக்கிறேன்’ என்ற ஒரே சொல் நமக்கு ‘ஐ ரீட்’ என்றும் பொருள்படும், ‘ஐ ஆம் ரீடிங்’ என்றும் பொருள்படும். எனவே எங்கள் பிள்ளைகள் ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் ஹாவிங்’ என்று எழுதுகிறார்கள். அவர்கள் தாளில் உள்ள பிழைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் தமிழில் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை எடுத்துச் சொன்னால் பிழை திருந்துகிறது. ‘உனக்கு வராது’ என்று சொன்னால் பிள்ளை நின்றுவிடுகிறது.

வழு யாருக்கு, வழுவமைதி யாருக்கு?

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு மூன்று சொற்கள் நினைவிருக்கும். வழாநிலை என்றால் பிழையில்லாதது. வழு என்றால் பிழை. வழுவமைதி என்றால் பிழைதான், ஆனால் ஒரு காரணத்துக்காக ஏற்றுக்கொள்ளப்பட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நன்னூல், காலங்கள் மாறி வருவதற்கு நான்கு காரணங்களை ஏற்கிறது: விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு. சோறு போடச் சொன்னவரிடம் இன்னும் எழுந்திருக்கவே இல்லாதவர் “இதோ வந்துட்டேன்” என்கிறார். வரப்போவதை வந்துவிட்டதாகச் சொல்வது விரைவு பற்றி வந்த கால வழுவமைதி.

நம் பெரியவர்கள் இலக்கணத்தில் இவ்வளவு தாராளமாக இருந்திருக்கிறார்கள். சமூகத்தில் யாருக்கு வழு, யாருக்கு வழுவமைதி என்பதுதான் சிக்கல். ‘லவ்’ என்ற வினையைப் பொதுவாகத் தொடர்வினையில் எழுதக்கூடாது என்று எங்கள் பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைக்கிறார்கள். 2003-இல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் ‘ஐ ஆம் லவ்விங் இட்’ என்று உலகம் முழுக்க விளம்பரம் செய்தது. அது ஸ்டைல். அதே வாக்கியத்தை எங்கள் ஊர்ப் பையன் நேர்முகத் தேர்வில் சொன்னால் அது தகுதிக் குறைவு. வாக்கியம் ஒன்றுதான். சொல்கிற வாய்தான் வேறு.

தமிழ் வகுப்பிலேயே இது நடக்கிறது. திருநெல்வேலிப் பேச்சில் நிகழ்காலத்துக்குச் ‘சொல்லுதேன், செய்யுதேன், சுத்துதேன்’ என்று வரும். கிறு, கின்று, ஆநின்று என்று மூன்று இடைநிலைகளைப் பாடப்புத்தகம் சொல்கிறது. எங்கள் ஆற்றங்கரையின் ‘து’ அந்தப் பட்டியலில் இல்லை. இந்தப் பேச்சு எல்லாச் சாதிக்கும் பொதுவானது. ஆனாலும் ஊர்ப் பெரிய வீட்டுப் பிள்ளை ‘சொல்லுதேன்’ என்றால் மண்வாசனை, காலனிப் பிள்ளை சொன்னால் ‘பேசத் தெரியல’. இதை எங்கள் தலைமுறை முழுக்கப் பார்த்திருக்கிறது.

உலகத்தில் நாம் மட்டும் இப்படி இல்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆங்கிலத்தில் ‘ஹி பி ஒர்க்கிங்’ என்றால் அவன் வழக்கமாக வேலை செய்கிறான் என்று பொருள். ‘ஹி ஒர்க்கிங்’ என்றால் இப்போது செய்கிறான். இரண்டும் வேறு. இவ்வளவு நுட்பமான கால வேறுபாடு கொண்ட பேச்சைப் பள்ளிகள் ‘தப்பு ஆங்கிலம்’ என்று தள்ளின. 1996 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஓக்லாண்டு பள்ளி வாரியம் அந்தப் பேச்சை மாணவர்களின் முதன்மை மொழியாக அங்கீகரித்து, அதன் வழியாகப் பொது ஆங்கிலத்தைக் கற்றுக்கொடுக்கத் தீர்மானம் போட்டது. நாடே கேலி செய்தது. அடுத்த மாதமே அமெரிக்க மொழியியல் சங்கம், அந்தப் பேச்சுக்கு ஒழுங்கான இலக்கணம் உண்டு என்றும், அதை மதித்துக் கற்பிப்பது சரியான வழி என்றும் ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றியது. படிப்பகத்தில் பீடித் தட்டை வைத்து நான் செய்வதும் ஏறக்குறைய அதுதான்.

எப்போதைக்குமாக எழுதப்பட்ட நிகழ்காலம்

எங்கள் மாவட்டத்துக்கு இலக்கணம் புதிதல்ல. ஜெர்மன்காரரான ரேனியஸ் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து, தமிழ் கற்று, தமிழுக்கு ஆங்கிலத்தில் இலக்கணம் எழுதினார். 1841-இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். வெளியூரிலிருந்து வந்தவர்கள் நம் மொழியின் காலங்களை நம்மிடமே கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். கற்கும்போது அவர்களும் எத்தனையோ தப்பாகப் பேசியிருப்பார்கள். அதை இந்த ஊர் படிப்பாகத்தான் பார்த்தது, மடத்தனமாகப் பார்க்கவில்லை. அவர்கள் திறந்த பள்ளிகளால்தான் நம்மில் பலருடைய முன்னோர்கள் முதன்முதலாகப் பலகையைத் தொட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே கால்டுவெல் 1849-இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அந்தச் சமூகத்தை இழிவாகச் சித்திரித்த நூல். பின்னாளில் அந்த மக்களிடமிருந்து கடுமையான எதிர்ப்பை அது சந்தித்தது. 1909-இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்ற நூலை இன்றும் பலர் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். இந்த வகை எழுத்தின் வினைச்சொற்களைக் கவனியுங்கள். இன்ன சாதியார் இப்படிப்பட்டவர்கள், இதைத் தின்கிறார்கள், இதைக் கும்பிடுகிறார்கள், இன்ன குணம் உடையவர்கள் என்று போகும். எல்லாம் சிம்பிள் பிரசென்ட்.

ஆங்கிலத்தில் ‘தி சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்’ என்பதற்கும் அதே டென்ஸ்தான். மாறாத உண்மைக்கான டென்ஸ். சூரியன் உதிப்பதைச் சொல்லும் அதே வடிவத்தில் ஒரு மக்கள் கூட்டத்தின் ‘குணத்தை’ எழுதிவிட்டால், அந்தக் குணத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, அதைச் செய்தவரும் இல்லை. நிலத்தைப் பிடுங்கியது யார், கிணற்றை மூடியது யார் என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது. “அந்தத் தெரு ஆளுங்க அப்படித்தான்” என்று டீக்கடையில் இன்று பேசுபவர் தர்ஸ்டனைப் படித்ததில்லை. டென்ஸ் மட்டும் அதேதான்.

‘இருந்தது’ என்று யார் சொல்கிறார்கள்?

நம்மை விவரிக்கும்போது நிகழ்காலத்தில் விவரிப்பவர்கள், நமக்கு நடந்ததைப் பேசும்போது மட்டும் இறந்தகாலத்துக்குத் தாவிவிடுவார்கள். “அந்தக் காலத்துல இருந்துச்சு. இப்ப யாரு சாதி பாக்கா?”

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டதை எதிர்த்துப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் 1920-களின் நடுவில் கிளப்பிய போராட்டம் தமிழக அரசியலையே மாற்றியது. இதை இறந்தகாலத்தில்தான் எழுத வேண்டும். நடந்தது, முடிந்தது, ஆண்டு இருக்கிறது. ஆனால் அதே மாவட்டத்தில் நாங்குநேரியில், 2023 ஆகஸ்டில், ஒரு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் அவர்கள் வீட்டுக்குள் புகுந்து வெட்டியவர்கள் அவர் படித்த பள்ளியின் மாணவர்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்ய வேண்டும் என்று பரிந்துரைக்க வேண்டியிருந்தது. பந்தியில் இருந்த சாதி மணிக்கட்டில் ஏறியிருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியமாகச் சொல்ல சிம்பிள் பாஸ்ட் போதாது. ‘காஸ்ட் ஹாஸ் பீன் சிட்டிங் இன் அவர் கிளாஸ்ரூம்ஸ் ஃபார் எ ஹண்ட்ரட் இயர்ஸ்.’ பீடி சுற்றும் அம்மாவின் வாக்கியமும் இதுவும் ஒரே அமைப்பு. தொடங்கியது, ஓயவில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் பதினேழாவது பிரிவையும் வகுப்பில் எடுத்தேன். 1948 நவம்பர் 29-இல் அரசமைப்பு அவை ஏற்றுக்கொண்ட பிரிவு. நம்மில் பலர் அதைத் ‘தீண்டாமை ஒழிக்கப்பட்டுவிட்டது’ என்று நினைவில் வைத்திருக்கிறோம். ஆங்கில மூலத்தில் இருப்பது ‘இஸ் அபாலிஷ்ட்’. ஒழிக்கப்படுகிறது. ‘ஹாஸ் பீன்’ இல்லை, ‘வாஸ்’ இல்லை. சட்டம் எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிறது என்பது சட்ட விளக்கத்தில் ஒரு கோட்பாடு. அந்தப் பிரிவு 1950-இல் ஒருமுறை சொல்லிவிட்டு ஓய்ந்துவிடவில்லை. இன்று காலையிலும் சொல்கிறது. தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்தால் அந்த நிமிடமே அது மீறப்படுகிறது. ‘அதான் ஒழிச்சாச்சே’ என்பவர்களிடம் இந்த டென்ஸைக் காட்டுங்கள்.

மாறாக, நம் பள்ளிப் பாடநூல்களின் முன்பக்கத்தில் தீண்டாமையைப் பாவம், பெருங்குற்றம், மனிதத் தன்மையற்ற செயல் என்று கண்டிக்கும் மூன்று வரிகள் அச்சாகின்றன. நல்ல வரிகள். ஆனால் மூன்றிலும் வினைச்சொல் கிடையாது. எல்லாம் பெயர்ப் பயனிலை. வினை இல்லாததால் காலம் இல்லை, செய்பவரும் இல்லை. எப்போது நடந்தது, யார் செய்கிறார்கள் என்று அவை சொல்வதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் பக்கத்தைப் புரட்டிய கைகளில்தான் வண்ணக் கயிறு இருந்தது.

ஆற்றிலும் மலையிலும்

ஆண்டு சொல்லி எழுத வேண்டியவற்றை ஆண்டு சொல்லித்தான் எழுத வேண்டும். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளுக்காக, சிறையில் இருந்தவர்களின் விடுதலைக்காக, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தின்மீது காவல்துறை தடியடி நடத்தியது. ஒரு பச்சைக்குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணிக்கரையில் உயிரிழந்தார்கள். இதை ‘செவன்டீன் பீப்பிள் டிரவுண்ட்’ என்று எழுதினால் இலக்கணம் சரி. ஆனால் அவர்கள் தாங்களாக ஆற்றுக்குள் போனவர்கள் போல் ஆகிவிடுகிறது. ‘வேர் சேஸ்ட் இன்டு தி ரிவர்’ என்று எழுதினால் விரட்டியவர் யார் என்ற கேள்வி வருகிறது. சரியான இலக்கணம் மட்டும் நியாயமாகிவிடாது என்பதைப் பிள்ளைகள் இந்த இரண்டு வாக்கியங்களில் புரிந்துகொண்டார்கள்.

அதே மாஞ்சோலைதான் எங்களுக்குப் பாதி டென்ஸைச் சொல்லிக் கொடுத்தது. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மலை. அங்கே தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். 2024-இல் நிறுவனம் தோட்டத்தை மூட முடிவெடுத்து, விருப்ப ஓய்வு என்ற பெயரில் அவர்களை இறங்கச் சொன்னது. ‘தே ஹாவ் பீன் லிவிங் தேர் ஃபார் ஃபோர் ஜெனரேஷன்ஸ்’ என்று இருந்த வாக்கியம் ‘தே ஹாட் லிவ்ட் தேர்’ என்று மாறுவதற்குப் பெயர்தான் வெளியேற்றம். குத்தகையைப் பற்றி எழுதும்போது ஆங்கிலம் ‘தி லீஸ் எக்ஸ்பையர்ஸ் இன் 2028’ என்று எதிர்காலத்தையே நிகழ்காலத்தில் சொல்கிறது. உறுதியாக நடக்கப்போகும் கால அட்டவணைக்கு அந்த டென்ஸ். நிலத்தின் காலக்கெடுவுக்கு அவ்வளவு உறுதி இருக்கிறது. தொழிலாளிக்கு வீடும் நிலமும் கிடைக்குமா என்பதற்கு மட்டும் ‘மே’, ‘மைட்’.

ஆங்கிலம் கற்றால் சாதி போய்விடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில், சாதி கடந்து ஒரு பெண்ணோடு பழகியதற்காக வெட்டிக் கொல்லப்பட்ட தலித் இளைஞர் சென்னையில் மென்பொருள் பொறியாளர். ஆங்கிலமும் சம்பளமும் அவரைச் சென்னை வரை கொண்டுபோயின. ஊருக்கு வந்தபோது அரிவாள் அவரிடம் சான்றிதழ் கேட்கவில்லை. தமிழே போதும், இந்த ஆங்கிலம் எதற்கு என்று சொல்லும் தோழர்களிடமும் எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் சொல்பவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலவழியில்தான் படிக்கிறார்கள். வழக்கு ஆவணமும், உயர்நீதிமன்றத் தீர்ப்பும், குத்தகைப் பத்திரமும், வேலைக்கான கடிதமும் அந்த மொழியில் இருக்கும் வரை எங்கள் பிள்ளைகளுக்கு அது வேண்டும். பன்னிரண்டு கட்டங்களும் வேண்டும். தப்பில்லாமல் வேண்டும். ஆனால் அவமானத்தைக் கட்டணமாகக் கொடுத்து அதை வாங்க வேண்டியதில்லை.

இளைய தோழர்களிடம் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். எதிரணி அரசியல்வாதி ஒருவர் மேடையில் ஆங்கிலத்தைத் தப்பாகப் பேசிவிட்டால், முற்போக்கு பேசும் நம் பக்கங்களில்தான் முதலில் மீம் வருகிறது. அவருடைய கொள்கையைக் கிழியுங்கள். அவருடைய டென்ஸைக் கிழிக்காதீர்கள். எங்கள் படிப்பகத்துப் பிள்ளைகளும் அதே போனில் அதே மீமைப் பார்க்கிறார்கள். மறுநாள் வகுப்பில் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள். அந்த அரசியல்வாதிக்கு ஒன்றும் ஆகாது.

போன மாதம் வகுப்பில் பாஸ்ட் பெர்ஃபெக்ட் எடுத்தேன். இறந்தகாலத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் இருந்தால், முன்னால் நடந்ததற்கு ‘ஹாட்’. ‘தி பஸ் ஹாட் லெஃப்ட் பிஃபோர் ஐ ரீச்ட் தி ஸ்டாப்.’ பின்வரிசையில் எப்போதும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பையன் கேட்டான்: “எக்கா, ‘எங்க ஊர்ல சாதி இருந்துச்சு’ன்னு இந்த டென்ஸ்ல எழுதலாமா?”

“எழுதலாம். ஆனா இதுக்கு ரெண்டு சம்பவம் வேணும். ஒண்ணு நீ சொல்லிட்ட. ரெண்டாவது என்ன?”

கொஞ்ச நேரம் யோசித்தான். “அது இன்னும் நடக்கலயே” என்றான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. அப்போது மின்சாரம் போய்விட்டது. மீதிப் பாடத்தை மூன்று போன்களின் வெளிச்சத்தில் முடித்தோம்.

உங்கள் ஊரிலும் ஒரு படிப்பகம் இருக்கும். பூட்டிக் கிடந்தால் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். வாரம் ஒரு மாலை போதும். அட்டவணையை எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் முதல் வாக்கியத்தைப் பிள்ளைகளின் வீட்டிலிருந்து எடுங்கள்.